பதினெட்டு ஒன்பதான விவரம்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் பேத்தியும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துவிட்டேன், விசாரிக்கப் பொறுமையில்லை. இங்கே நான் சுகமில்லை. உங்கள் அத்தை மட்டும் கொஞ்ச நாளாக நல்ல தெம்பாக இருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் புது வண்டி வாங்கியதும் பழைய வண்டியை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனீர்கள். சாவியைக் கொடுக்கும்போது, "லிட்டருக்குப் பதினெட்டு குடுக்கும் மாமா" என்றீர்கள். நீங்கள் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. ஆனால் முப்பத்து நாலு வருஷம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறித் தராசைச் சோதித்தவன் நான். யாராவது பதினெட்டு என்றால் அளந்து பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. டாங்க்கை வாய் வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, ஓட்டிவிட்டு மறுபடி நிரப்பிப் பார்த்தேன். பதின்மூன்று. அன்றைக்குப் போன நிம்மதி இன்னும் திரும்பவில்லை.

டயரில் காற்று குறைந்தால் பெட்ரோலை இழுக்கும் என்றார்கள், தினமும் காலையில் எழுந்ததும் காற்றைப் பார்த்தேன், ஏர் ஃபில்டரை மாற்றினேன், கூரை மேலிருந்த கேரியர் காற்றைத் தடுக்கும் என்று அதைக் கழற்றினேன், அது என் தோளில் விழுந்தது, அதை விடுங்கள், டிக்கியைத் திறந்தால் உள்ளே நாற்பது கிலோ இரும்பு எடைக்கல், ரிட்டயர் ஆனபோது ஏலத்தில் எடுத்து என்றைக்காவது உதவும் என்று நான்தான் போட்டு வைத்திருக்கிறேன், அதையும் இறக்கினேன். இவ்வளவுக்கும் பிறகு பன்னிரண்டு. ஏறவேண்டியது இறங்கியிருக்கிறது.

சரி, ஏறுகிறவர்களின் கனம் எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? உங்கள் அத்தையின் தங்கை போன மாதம் வந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடக் கிளம்பும்போது, வாசலில் எடை மிஷினை வைத்து, ஏறுவதற்கு முன் ஒரு தடவை நின்றுவிட்டுப் போம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விட்டாள். இன்றுவரை போன் எடுப்பதில்லை. அந்த வாரம் பதினொன்று.

பிறகு பிரேக். அடிக்கடி பிரேக் போட்டால் சேர்த்து வைத்த வேகமெல்லாம் வீண், மறுபடி கிளப்பப் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ஆகையால் ஒரு வாரம் பிரேக்கைத் தொடுவதில்லை என்று விரதம் மாதிரி இருந்தேன். பல் டாக்டரிடம் கூட்டிப்போன உங்கள் அத்தையை அவர் வாசலில் இறக்க முடியவில்லை, வண்டி தானாக நின்ற இடம் மூன்று தெரு தள்ளி இருந்தது. சிக்னலில் எஞ்சினை அணைத்தேன், திரும்பக் கிளம்பவில்லை, பின்னால் நின்ற லாரிக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார். ஏசியை நிறுத்தினேன், ஜன்னலைத் திறந்தால் காற்று இழுக்கும் என்று அதையும் ஏற்றிவிட்டு, இருவரும் வெந்துபோய் வீடு வந்தோம். பத்து.

மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டில ஒண்ணும் இல்ல சார். நீங்க கொஞ்ச நாள் சும்மா இருந்து பாருங்க" என்றார். சும்மா இருக்கவா நான் பிறந்தேன்? திருட்டாக இருக்குமோ என்று டாங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டேன். பூட்டிய வாரம் ஒன்பது.

மாப்பிள்ளை, என்னால் முடியவில்லை. கண்ணை மூடினால் மீட்டர் முள் ஆடுகிறது. தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் வண்டியை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் அத்தையிடம் சொன்னபோது மட்டும், எதற்கும் வாய் திறக்காதவள், "வண்டி இங்கயே இருக்கட்டும்" என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள். நீங்கள் கொடுத்தது என்ற பாசம். நான் சமாளித்துக்கொள்கிறேன். பேத்திக்கு என் முத்தங்கள், மகளுக்கு ஆசிகள், உங்களுக்கு எல்லா நலமும் சரியான அளவில் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் இன்றைய மீட்டர் எண்ணையும் எழுதிவிடலாம் என்று வீட்டின் பின்சந்துக்குப் போனேன். வண்டி நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளை ஏற்றி, ஏசி போட்டு, சீட்டைச் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு உங்கள் அத்தை வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். தினமும் நாலு மணிக்குத் தையல் கிளாஸுக்கு என்று கிளம்புகிறவள். என்னைக் கண்டு பதறவில்லை. கண்ணாடியை நாலு விரல் இறக்கி, "வீட்ல அரிசி எடுத்தா அளக்கறீங்க, தண்ணி ஊத்தினா அளக்கறீங்க. இதுக்குள்ளதான் என்னை யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு, முடிச்சுட்டு வரேன்" என்றாள். மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

வாராவாரம் குறைந்த பெட்ரோலை வைத்துச் சந்திலேயே நின்று கணக்குப் பார்த்தேன். முதலில் தினம் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். தங்கையை நான் எடை போடப் பார்த்ததிலிருந்து ஒரு மணி. பிரேக் வாரத்திலிருந்து இரண்டு. நான் ஆராய்ச்சியைக் கூட்டக் கூட்ட அவளும் கூட்டியிருக்கிறாள்.

வண்டியை எடுக்க வரவேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். ஒரு பதினைந்து நாளைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளம்பும் முன் அவளுக்குப் பெட்ரோல் போட்டு வைத்துவிடுகிறேன்.