மூன்று ஊசி பிரீ-ஆம்பும் அக்காவின் பாட்டும்

ஸ்டீரியோ வாங்கப் போகிறவனுக்கு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கலாம், அல்லது ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அரைகுறையாக மட்டும் தெரிந்திருக்கக் கூடாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னிடம் இருந்தது அந்த அரைகுறைதான். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மற்ற நேரமெல்லாம் ஸ்டீரியோ பத்திரிகை. வீட்டில் யாராவது "பாட்டு நல்லா இருக்கு" என்றால், "பேஸ் கொஞ்சம் தளர்வு" என்று திருத்துவேன். (அடிக்காமல் வளர்த்துவிட்டார்கள்.)

எங்கள் வீடு பாகான் டாலாமில், ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில். ஹாலில் ஸ்பீக்கருக்கும் பவர் ஆம்புக்கும் மட்டும்தான் அம்மா இடம் கொடுத்தார். ரேடியோ டியூனர், கேசட் டெக் எல்லாம் என் அறையில். நடுவே ஒரு நீண்ட வயர், சாமி மேடைக்குப் பின்னால் ஓடியது. மேடையில் முருகனைச் சுற்றி கலர் பல்புகள் மின்னிக்கொண்டே இருக்கும். அவை மின்னும் வரை ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல்.

"அம்மா, பாட்டு கேக்குறப்ப மட்டும் அந்த லைட்ட அடைச்சி வைக்கலாமா?"

"சாமி லைட்ட அடைக்கிறதா? உன் பாட்டுப் பெட்டிய அடை லா!"

முருகனோடு மோத முடியாது. அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு வானொலி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, வருஷக்கணக்காகக் குரல் தேர்வுக்குப் போய்ப் போய்த் திரும்பியவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நேரடி ஒலிபரப்பு, தனிப்பாட்டு!

"தம்பி, என் குரலு ரேடியோவுல எப்படி இருக்கும்னு நான் கேக்கணும்டா. ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணி வை."

அவ்வளவுதான் கேட்டாள். நான் பெர்ரி ஏறி ஜார்ஜ் டவுன் போய் ஒரு பிரீ-ஆம்ப் வாங்கினேன். டியூனரின் பாட்டை வாங்கிப் பவர் ஆம்புக்கு அனுப்பும் பெட்டி அது; பாலன்ஸ்ட் வகை, மூன்று ஊசி இணைப்பு. ஒரே பாட்டு இரண்டு கம்பிகளில் நேராகவும் தலைகீழாகவும் போகும். வழியில் இரண்டிலும் ஏறும் இரைச்சல், கடைசியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் ரெக்கார்ட் செய்வதற்கென்றே 'டேப்' என்று எழுதிய வாய் பின்னால் தனியாக இருந்தது. முகம் கறுப்பு, அழகில்லை. மற்றொன்றுக்கு வெள்ளி முகம், கனமான திருகு, பின்னால் ஒரு சின்ன சுவிட்ச். நான் முகத்தைப் பார்த்து முடிவு செய்தேன். கடைக்காரத் தவுக்கே விளக்கப் புத்தகத்தைப் பிரித்தபோது, "எல்லாம் தெரியும் தவுக்கே" என்று மூடவைத்தேன்.

ஞாயிறு வந்தது. பக்கத்து வீட்டு மாணிக்கம் அங்கிள் கைப்பிடி வைத்த ரேடியோ கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, நானும் இதுல ஒண்ணு புடிச்சி வைக்கவா? சும்மா ஒரு ஸ்பேருக்கு."

"அந்த டப்பாவுலயா? அக்கா குரல அவமானப்படுத்தாதீங்க அங்கிள். வந்து உக்காந்து கேளுங்க."

பாவம், உட்கார்ந்து கேட்டார். நான் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தி, யாரும் தொடக் கூடாதென்று அறைக் கதவைச் சாத்திவிட்டு ஹாலுக்கு வந்தேன். அறிவிப்பாளர் அக்கா பெயரைச் சொன்னதுமே அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா பாடினாள். பல்புகள் மின்னின. இரைச்சல் இல்லை! இரண்டாவது சரணம் முழுக்க நான் ஸ்பீக்கரிடம் காதைக் கொடுத்து, இரைச்சல் வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டை எங்கே கேட்டேன்?

முடிந்ததும் டேப்பைச் சுற்றிவிட்டுப் போட்டால், ஒன்றுமே இல்லை. மறுபக்கம் போட்டேன், அதுவும் அப்படியே. அப்புறம்தான் அந்த விளக்கப் புத்தகத்தைப் பிரித்தேன். பின்னாலிருக்கும் சுவிட்சை மூன்று ஊசிப் பக்கம் தள்ளினால், பாட்டு வெளியே போகும் சாதாரண வாய்கள் அடைபட்டுவிடுமாம். கேசட் டெக்கை நான் செருகியிருந்தது சாதாரண வாயில். ஒரு தடவை சோதித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அக்கா பெர்ரி பிடித்து, எல்லாருக்கும் மீ கோரேங் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"போடுடா, போடு!"

சொன்னேன். நிலையத்திலும் பிரதி கிடையாது என்றாள். மாணிக்கம் அங்கிள் கூரையைப் பார்த்தார்.

"சரி, நல்லாத்தான் பாடுனேனா?"

"நல்லா பாடுனக்கா."

"எப்படி?"

என்ன செய்வது? பாடிக் காட்டினேன். எனக்கும் சுருதிக்கும் ஏழாம் பொருத்தம். அம்மா சிரித்தார், அங்கிள் சிரித்தார், அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினாள்.

அதற்குப் பிறகு நிலையத்திலிருந்து அழைப்பு வரவில்லை. கல்யாணமாகிக் கெப்பாலா பத்தாஸ் போனவள், பாட்டையும் விட்டுவிட்டாள். வெள்ளி முகத்துப் பெட்டி எப்போதோ கெட்டுப்போய்விட்டது. இப்போது அந்தப் பாட்டுக்கு நான்தான் கேசட். தீபாவளிக்குக் கூடினால் அக்கா பிள்ளைகள், "மாமா, கேசட்டப் போடுங்க லா!" என்று என் சட்டைப் பொத்தானை அழுத்துவார்கள். நானும் எழுந்து பாடுவேன். இரண்டாவது சரணத்தை அன்றைக்குக் கேட்கவில்லையே, அதனால் அந்த இடத்தில் 'ம்ம்ம்' என்று இழுப்பேன். வீடே சிரிக்கும்.

போன தீபாவளிக்கும் அப்படித்தான். சிரிப்பு அடங்கியதும் அக்கா என் தட்டில் ஒரு முறுக்கை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த எடத்துலதான்டா நான் நல்லா பாடுனேன்."