அடி மண்ணைக் கிண்டிய மாப்பிள்ளை

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நான் கெட்டுக் குட்டிச்சுவரானதெல்லாம் சும்மா இருந்திருக்க வேண்டிய இடங்களில்தான். அதிலும் புது மாப்பிள்ளையாக இருந்தபோது செய்த ஒரு வேலையை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

எண்பதுகளின் தொடக்கம். கிழக்கிலங்கையில், சாய்ந்தமருதில் கல்யாணம் முடித்தேன். எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். வந்தவர் முதல் நாற்பது நாளும் ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது. வட்டிலப்பம் வரும், தின்ன வேண்டும். கோழி வரும், தின்ன வேண்டும். என் மாமியோ பழைய ஆள். புது மருமகனின் முன்னால் வரவும் மாட்டார், நேரே கதைக்கவும் மாட்டார். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வேறு யாருக்கோ சொல்வது போலச் சொல்வார். பதினெட்டு நாளில் அவருடைய கால் பெருவிரலை மட்டும் இரண்டு தடவை பார்த்திருந்தேன்.

மாமா கரைவலைக்காரர். வலையில் அகப்பட்ட அழகான மீன்களில் ஒன்றை முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீர் விட்டு வளர்த்தார். சவூதியிலிருந்து மச்சான் அனுப்பிய சின்ன மோட்டார் அதற்குள் காற்று ஊதும். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கடல் மண். மண்ணின் மேலே ஊரும் நாலைந்து நத்தைகள். நடுவே மஞ்சள் உடம்பில் கறுப்பு வரி போட்ட அந்த மீன். மாமா அதற்கு வைத்த பெயர் சுல்தான். சுபஹு தொழுதுவிட்டு வந்தால் எனக்கு ஸலாம் சொல்ல மறந்தாலும் மறப்பார், சுல்தானோடு நாலு வார்த்தை கதைக்காமல் தேத்தண்ணி குடிக்கமாட்டார்.

அந்த மாமா ஒரு நாள் குசினி அடுப்படியில் மாமியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "மருமகன் நல்ல புள்ளதான். ஆனா கையால ஒரு வேலயும் தெரியாத ஆள் போல இரிக்கி."

ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தவன் நான். வேலை இல்லாதவனை வேலை தெரியாதவன் என்றால் ரோசம் வராதா?

அடுத்த நாள் காலை மாமா அக்கரைப்பற்றுக்குப் போனார். லுஹர் தொழுகைக்கு வந்துவிடுவேன் என்றார். மனைவி ஹபீபா பக்கத்து வீட்டு ராத்தாவிடம் தையல் வேலையாகப் போயிருந்தாள். நான் தொட்டியின் முன்னால் குந்தினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேல் மண் வெள்ளையாக இருந்தது. அடி மண் கன்னங்கரேல் என்று கிடந்தது. எவ்வளவு ஊத்தை! பாவம், மாமாவுக்கு வயது போய்விட்டது, கண் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். பட்டுச் சேட்டின் கையை மடித்தேன்.

திரைச்சீலை அசைந்தது. "பூன, தொட்டிக்குள்ள கைய வெக்காத. அடி மண்ணக் கிண்டினா எல்லாம் நாசமாப் போயிடும்."

பூனையிடம்கூட என்ன பொறுமையாகக் கதைக்கிறார் என்று மெச்சிக்கொண்டே முழங்கை வரை கையை விட்டேன். (அந்த வீட்டில் பூனையே கிடையாது.)

"பூன! ஒனக்குக் காது கேக்காதா?"

கறி கிளறுவது போல அடி மண்ணை மேலே புரட்டினேன். குமிழி குமிழியாகக் கிளம்பியது. முதலில் வந்தது நாற்றம். நூறு கூமுட்டையை ஒன்றாக உடைத்தது போல! பிறகு தண்ணீர் கறுத்தது. சுல்தான் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. இரண்டே நிமிடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

யா அல்லாஹ்! மாமாவின் மீனைக் கொன்றவன் என்ற பெயரோடு இந்த வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது? நல்ல தண்ணீர் ஊற்றினால் தெளிந்துவிடும் என்று தோன்றியது. கிணற்றடிக்கு ஓடி ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்து தொட்டிக்கு மேலே தூக்கினேன்.

திரைச்சீலை கம்பியோடு கழன்று விழுந்தது. மாமி நேரே என் முன்னால் நின்றார்.

"ஊத்தாதீங்க மகன்! கிணத்துத் தண்ணி பட்டா இப்பவே மௌத்தாயிடும்! கடலுக்கு ஓடுங்க, கெதியா!"

கடல் இரண்டு தெரு தள்ளி. பட்டுச் சேட்டோடு, சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் வாளியோடு ஓடினேன். நாற்பது நாள் முடியாத மாப்பிள்ளை வாளி தூக்கி ஓடுவதைப் பார்க்க வேலிக்கு வேலி தலை முளைத்தது.

"என்ன மாப்பிள, வந்த கையோட தண்ணி அள்ள உட்டுட்டாங்களா?"

மூன்று தடவை ஓடினேன். மாமி சோறாக்கும் கிடாரத்தில் புதுக் கடல் தண்ணீரை ஊற்றச் சொன்னார். மோட்டாரின் குழாயை அதற்குள் போட்டார். சுல்தானைக் கையில் ஏந்தி விட்டார். அது சாய்ந்தபடியே கிடந்தது. செவுள் மட்டும் எப்போதாவது ஒரு தடவை அசைந்தது. மாமி ஸலவாத்து ஓதினார். நான் அழுதேன் என்று ஹபீபா சொல்வாள். அவள் அங்கே இல்லை, ஆனால் உண்மைதான்.

லுஹர் பாங்கு சொல்லத் தொடங்கியது. பாங்கு முடியும்போது சுல்தான் வாலை ஒரு தட்டுத் தட்டி நிமிர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றோம் இரண்டு பேரும். வாசலில் மாமாவின் செருப்புச் சத்தம்.

மாமி அறைக்குள் பாய்ந்து கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

"என்னகா இது, கூமுட்ட நாத்தம்? மண்ணக் கிண்டின ஆரு?"

"நான்தான்" என்றது கதவு. "ஊத்தையா இரிந்திச்சி. கழுவுவமெண்டு கிண்டிட்டன்."

என்னைக் காப்பாற்ற, முகம் காட்டாத அந்த மனுஷி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். மாமா நத்தைகளைத் தேடிக் கறுப்புத் தண்ணீருக்குள் கையை விட்டார். வெளியே வந்தது அவர் எனக்குக் கல்யாணத்துக்குத் தந்த கை மணிக்கூடு. கையிலிருந்து அது எப்போது கழன்றது என்றே எனக்குத் தெரியாது.

"ஓ! மருமகன்ட மணிக்கூட்ட நீ எப்ப இரிந்து கட்டுற?"

கதவுக்குப் பின்னால் அடக்க முடியாத சிரிப்பு. "நான்தான் மாமா கிண்டினேன்" என்றேன் தரையைப் பார்த்து.

மாமா என்னையும் கிடாரத்தையும் பார்த்தார். பிறகு ஒரு தென்னை ஈர்க்கை எடுத்துக் கையில் தந்தார். "நகம் அளவு ஆழம்தான் கீற வேணும். அதுவும் ஒரு தடவைக்கு ஒரு மூல மட்டும். மிச்சத்த நத்த பாக்கும். அடி மண் கறுப்பா இரிந்தா ஒங்களுக்கு என்ன? கிண்டாட்டி அந்த நஞ்சு அங்கயே கிடக்கும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம இனி இது ஒங்கட வேல."

அந்த வேலையைச் சுல்தான் இருந்த காலமெல்லாம் செய்தேன். மணிக்கூடு மட்டும் அதற்குப் பிறகு ஓடவில்லை. கழன்ற திரைச்சீலையை யாரும் திருப்பி மாட்டவில்லை.

மாமா இப்போது இல்லை. மாமி இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. போன மாதம் ஓடாத மின்விசிறியைத் திருத்துவோம் என்று திருகாணியைக் கழற்றத் தொடங்கினேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது. "பூன, கைய எடு."

உடனே எடுத்தேன். என் பேரன் கட்டிலுக்குக் கீழே குனிந்து பூனையைத் தேடினான்.

"அங்க தேடாத மகன்" என்றார் மாமி. "அந்தா நிக்கிது, தாடி வெச்ச பூன."