துளைக் கட்சியும் கோட்டுக் கட்சியும்

தோள்பட்டை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எல்லோரும் இந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களில் பெரும்பாலானவர்கள் பரம சாதுக்கள். போய்ப் படுக்கிறார்கள், கிழிந்த ஜவ்வைத் தைத்துக்கொள்கிறார்கள், ஆறு வாரம் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறார்கள், பிறகு மறந்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். நான் சொல்ல வந்தது மறக்காதவர்களைப் பற்றி. தையல் பிரித்த அன்றைக்கே தாங்களும் டாக்டராகிவிடுகிறவர்களைப் பற்றி. 'தழும்பு நிபுணர்' என்று இவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் ஒருவரையாவது கட்டாயம் தெரிந்திருக்கும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி, "தோள் கொஞ்சம் வலிக்குது" என்று சொல்லிப் பாருங்கள். சாதாரண மனிதர் 'அப்படியா' என்பார். நிபுணருக்கோ முகம் மலர்ந்துவிடும். "எந்தத் தோள்?" என்பார். "கையைப் பின்னால கொண்டுபோனா வலிக்குதா?" என்பார். நீங்கள் பதில் சொல்வதற்குள் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டு கழன்று, காலர் ஒருபக்கம் இழுக்கப்பட்டு, யாரோ முன்பின் தெரியாத மனிதருடைய வெற்றுத் தோள் உங்கள் மூக்குக்கு நேராக நிற்கும். "தொட்டுப் பாருங்க, பரவாயில்ல" என்பார். தொடுகிறீர்கள். தொட்டுவிட்டு என்ன சொல்வது? நன்றாக இருக்கிறது என்றா? லிஃப்ட் வந்து போய்விடும். அவர் விடமாட்டார்.

இந்த இனத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. கீஹோல் முறையில் செய்துகொண்டவர்கள் துளைக் கட்சி. தோளில் பென்சில் நுழைகிற அளவுக்கு மூன்று நான்கு துளை போட்டு, ஒன்றில் கேமராவையும் மற்றவற்றில் கருவிகளையும் நுழைத்து, டாக்டர் திரையைப் பார்த்தபடியே தைப்பார். ஓப்பன் முறையில் செய்துகொண்டவர்கள் கோட்டுக் கட்சி. தோலை ஒரு விரல் நீளத்துக்குத் திறந்து, நேராகப் பார்த்துத் தைப்பார்கள். எப்படிப் போனாலும் உள்ளே நடக்கிற காரியம் ஒன்றுதான். அறுந்த ஜவ்வை எலும்போடு சேர்த்துக் கட்டுவது. இவ்வளவு தெரிந்துகொள்ளக்கூட எனக்கு ஆசை இருந்ததில்லை. என் மச்சினன் ஸ்டூலிலிருந்து விழுந்தான், தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

மச்சினன் பெயிண்டர். சாதாரணப் பெயிண்டர் இல்லை, சீலிங் பெயிண்டர். சுவர் அடிக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள். அண்ணாந்து பார்த்தபடி, முகத்தில் ஒரு சொட்டு விழாமல், ரோலர் கோடு தெரியாமல் மேல்தளம் அடிக்க அவன்தான் வரவேண்டும். விழுந்த பிறகு அவனால் தலைகூட வாரிக்கொள்ள முடியவில்லை. என் மனைவி, அதாவது அவனுடைய அக்கா, வாரிவிட்டாள். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை கண்ணாடி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"கையைத் தூக்க முடியலன்னா நான் எதுக்கு அத்தான்?" என்று அன்றைக்கு என்னிடம் கேட்டான்.

டாக்டர் அம்மாள் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, தெளிவாகத்தான் சொன்னார். "ரெண்டு விதமாவும் பண்ணலாம். கீஹோல்ல ஆரம்பத்துல வலி கொஞ்சம் கம்மி. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. எதுல பண்ணாலும் ஆறு வாரம் கையைச் சும்மா வெச்சிருக்கணும், அதுதான் முக்கியம். உங்களுக்கு எது சம்மதம்னு ரெண்டு வாரத்துக்குள்ள சொல்லுங்க. கிழிஞ்ச ஜவ்வு உள்ள இழுத்துக்கிட்டே போகும். ரொம்ப நாள் விட்டா இழுத்துக் கட்ட எட்டாது." அதுவரை தோள் இறுகிப்போகாமலிருக்க, ஃபிசியோ கூடத்துக்குப் போய் லேசான பயிற்சிகள் செய்யச் சொன்னார். எவ்வளவு நல்ல டாக்டர்! ஆனால் முடிவை அவனிடம் விட்டதோடு நிற்காமல், அவனை அந்தக் கூடத்துக்கும் அனுப்பிவிட்டாரே.

அந்தக் கூடத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். நீள அறை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. சுவரில் விரல்களால் ஏறுவதற்கு ஒரு மர ஏணி. கூரையிலிருந்து தொங்கும் கப்பி, அதில் ஒரு கயிறு, இரண்டு பிடிகள். அதற்குக் கீழே எதிரெதிராக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் துளைக் கட்சித் தலைவர். இன்னொன்றில் கோட்டுக் கட்சித் தலைவி.

தலைவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். கூடத்தில் அவருக்கு 'டிகிரி சார்' என்று பெயர். ஆபரேஷன் ஆகி மூன்றே வாரம், கை இன்னும் கைப்பட்டையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு இருமுறை வரச் சொல்லியிருந்தார்கள்; தினமும் வந்தார். யார் கையைத் தூக்கினாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "எழுபத்திரண்டு டிகிரி" என்பார். தலைவி தையற்கடை வைத்திருக்கும் டெய்லரக்கா. அவருக்கு ஆபரேஷன் ஆகி பதினொரு மாதம். கை முழுக்கக் குணமாகிவிட்டது, பயிற்சி என்றோ முடிந்துவிட்டது. பிறகு ஏன் வருகிறார்? புதிதாக யாராவது தெரியாத்தனமாக முடிவெடுத்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான்.

மச்சினன் உள்ளே நுழைந்தான். இரண்டு தலைகளும் திரும்பின.

"தம்பி, எந்தத் தோள்?"

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டான்.

"நாப்பது வருஷமா தைக்கிறேன் தம்பி" என்றார் டெய்லரக்கா. "துணியை விரிச்சுப் போட்டு, கண்ணால பார்த்து, கையால இழுத்துத் தைச்சாத்தான் தையல் நிக்கும். டிவியைப் பார்த்துக்கிட்டே குச்சியால தைக்கிறதெல்லாம் ஒரு தையலா? நான் சொல்றேன்னு இல்ல, நீயே யோசி."

"அம்மா, வீட்டுக்குள்ள ஒரு பல்பு மாத்தணும்னா கூரையைப் பிரிப்பீங்களா?" என்றார் டிகிரி சார்.

"கூரையைப் பிரிக்க மாட்டேன். கதவைத் திறந்துக்கிட்டுப் போவேன். சாவி போடுற ஓட்டையில கையை விட்டுத் துழாவ மாட்டேன்."

"வலி? வலியைச் சொல்லுங்க. மூணாம் நாளே நான் மாத்திரையை நிறுத்தியாச்சு. நீங்க?"

"வலிச்சாத்தான் சார் வேலை நடந்திருக்குன்னு அர்த்தம்."

இந்த மருத்துவ உண்மையைக் கேட்டுக் கப்பியை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் பயந்துபோய் இழுப்பதை நிறுத்திவிட்டார். ஃபிசியோ பெண் ஓடிவந்து, "அக்கா, சார், அவங்களை விடுங்க, பயிற்சி பண்ணட்டும்" என்று கெஞ்சினாள். விடுவார்களா? கருணையினால் கெட்டவர்கள் இருவரும்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. திங்கட்கிழமை மச்சினன் துளைக் கட்சியில் இருந்தான். "நல்ல சுவரைச் சும்மா சுரண்டக் கூடாது அத்தான், அதுவும் கெட்டுப்போகும்" என்றான். செவ்வாய்க்கிழமை கோட்டுக் கட்சிக்குத் தாவினான். "விரிசலைத் திறந்து பார்க்காம பட்டி வெச்சா நாலே மாசத்துல மறுபடியும் விடும்" என்றான். புதன்கிழமை இரண்டு துளையும் அரைக் கோடுமாகச் செய்ய முடியுமா என்று டாக்டரைக் கேட்கலாமா என்றான். டிகிரி சார் ஒரு தாளில் மச்சினன் தோளை வரைபடமாகப் போட்டு, திசைக்குறியெல்லாம் காட்டி, துளைகள் விழவேண்டிய இடங்களைப் புள்ளி வைத்துக் கொடுத்திருந்தார். டெய்லரக்காவோ ஒரு துண்டுத் துணியில் இரண்டு விதமாகவும் தைத்தே அனுப்பியிருந்தார். அதில் துளைத் தையல் மட்டும் சந்தேகப்படும்படி கோணலாக இருந்தது.

இரண்டாவது வாரத்தின் வெள்ளிக்கிழமையும் வந்தது. மச்சினன் டாக்டருக்கு எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் செய்தபோது எடுக்கவும் இல்லை.

என் மனைவிக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. "தைச்சுக்கிட்டது அவங்க தோளை. அதைப் பார்த்துட்டு உன் தோளுக்கு ஜோசியம் கேக்குறியா? உள்ள இழுத்துக்கிட்டே போகுதுன்னு டாக்டர் சொன்னாங்களா இல்லையா? ஆயுசுக்கும் உனக்குத் தலைவாரிவிட என்னால முடியாது!" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். பிறகு சீப்பை எடுத்து வாரிவிட்டாள்.

திங்கட்கிழமை அவனை நானே கூடத்துக்கு அழைத்துப்போனேன். கட்சித் தலைவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்வதாகத் திட்டம். நாங்கள் போனபோது சண்டை உச்சத்தில் இருந்தது.

"அஞ்சு வாரத்துல நான் இருக்கிற நிலைமை உங்களுக்கு அஞ்சு மாசத்துல கூட வந்திருக்காது" என்றார் டிகிரி சார்.

"வாயால எவ்வளவு வேணும்னாலும் தூக்கலாம் சார்" என்றார் டெய்லரக்கா. தன் கையைக் காது வரைக்கும் விறுவிறுவென்று தூக்கிக் காட்டினார். அந்தக் கைக்குப் பதினொரு மாதம் ஆகிவிட்டதை அந்த நேரத்தில் அவரும் மறந்தார், இவரும் மறந்தார்.

டிகிரி சார் எழுந்தார். மச்சினனைப் பார்த்து, "தம்பி, இங்க பாரு. உனக்காகத்தான்" என்றார். கைப்பட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். ஃபிசியோ பெண் அறையின் அந்தக் கோடியிலிருந்து "சார்! சார்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். அவர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு கையைத் தூக்க ஆரம்பித்தார்.

"நாற்பது... வலியே இல்ல பாருங்க... அறுபது... எழுபத்தஞ்சு..."

டப்.

கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"அது நாற்காலி" என்றார் டிகிரி சார். முகம் வெளுத்திருந்தது. அவருடைய நாற்காலியில் அப்போது யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கை தானாகக் கீழே இறங்கித் தொங்கியது.

"வலி இல்லாம இருக்குறது வேற, ஒட்டிக்கிறது வேற சார்" என்றாள் ஃபிசியோ பெண், அழாத குறையாக. "வலி கம்மியா இருக்கிறவங்கதான் இப்படிப் பண்ணிடுறாங்க."

மச்சினனைத் தேடினேன். காணோம். மாடிப்படியில் இறங்கி, எதிர்க் கட்டடத்தில் ஏறி, டாக்டர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். எனக்கு மூச்சு வாங்கியது. அவன் உள்ளே போய் உட்காரக்கூட இல்லை.

"உங்களுக்கு எது நல்லா வரும்னு தோணுதோ அதைப் பண்ணுங்க டாக்டர். நான் எதுவும் கேக்கல. ஆறு வாரம் கையை அசைக்கச் சொன்னாலும் அசைக்க மாட்டேன்."

"வெள்ளிக்கிழமையே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். பிறகு படத்தை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னும் எட்டும். நாளன்னிக்கே படுங்க" என்றார்.

டிகிரி சாருக்கும் அதே வாரம் மறுபடி ஆபரேஷன். இந்தத் தடவை ஓப்பன். பாவம் மனிதர், அடங்கிவிடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன். திரும்பி வந்தார் பாருங்கள், தோளில் நான்கு துளையும் ஒரு கோடுமாக, இரட்டைப் பட்டம் வாங்கியவரைப் போல! "ரெண்டையும் அனுபவிச்சவன் சொல்றேன்" என்றுதான் இப்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆரம்பிக்கிறார். அவருக்கு முன்னால் வாயைத் திறக்க முடியாமல் டெய்லரக்கா சில நாட்கள் இளைத்தே போய்விட்டார். போன வாரம் ஃபிசியோ பெண்ணைத் தனியாக அழைத்து, "எனக்கு இந்தப் பக்கத் தோள்ல கூட லேசா ஒரு வலி இருக்கும்மா" என்றாராம்.

மச்சினன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். ஆறு வாரமும் கைப்பட்டையைக் கழற்றவில்லை. தும்மல் வந்தால்கூட அனுமதி கேட்பவனைப் போல அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மாதக்கணக்கில் விரல் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறினான். கூடத்தில் இரண்டு தலைவர்களும் அவன் சட்டையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுக்கொண்டு போனான். எந்தக் கட்சி என்று கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில், கண்ணாடி முன்னால் நின்று, தானே தலை வாரிக்கொண்டான். வகிடு கோணலாக இருந்தது. என் மனைவி அதைத் திருத்தவில்லை. எட்டாவது மாதம் எங்கள் வீட்டு முன்னறைச் சீலிங்கைத்தான் முதன்முதலாக அடித்தான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு ரோலர் கோடு இல்லை. கை, நேராக, தலைக்கு மேலே. நான் சந்தோஷத்தில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மறுபடி விழுந்துவிடக் கூடாதே என்ற பயமும் இருந்தது.

கதை இவ்வளவுதான். கை தூக்க முடியாதவன் கை தூக்கிவிட்டான், பிழைப்பு மீண்டுவிட்டது. நீங்கள் இப்போது திருப்தியாக வேறு வேலையைப் பார்க்கப் போகலாம்.

ஏன் போகவில்லை?

அவனுக்குச் செய்தது துளையா, கோடா என்று நான் சொல்லவே இல்லையே என்றா? அப்படியானால் தயவுசெய்து நீங்களும் அந்தக் கூடத்துக்குப் போய்விடுங்கள். உங்கள் தோளில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டால் என்ன, கப்பிக்குக் கீழே மூன்றாவதாக ஒரு நாற்காலி போட இடம் இருக்கிறது.