வலப்பக்கமே போன விசை

விடை இடப்பக்கம் என்றது. மேலாளருக்கோ எப்படிப் போட்டாலும் விசை வலப்பக்கமே போனது.

வீட்டுப்பாடம் என்று இளைய மகள் நோட்டில் எழுதி நீட்டிய கணக்கு அது. மின்புலம் ஐந்நூறு, வலப்பக்கம் நோக்கி. அதில் இரண்டு மைக்ரோகூலும் மின்னூட்டம். விசை எவ்வளவு, எந்தப் பக்கம்? புத்தகத்தில் இருந்த விடையையும் அடியில் எழுதியிருந்தாள். ஆயிரத்தில் ஒரு பங்கு நியூட்டன் என்று மேலாளர் பெருக்கித் தள்ளிவிட்டார். கல்லூரியில் இயற்பியல் படித்தவர் ஆயிற்றே. காப்பீட்டு அலுவலகத்தில் அதற்கு வேலையில்லாததால் வீட்டுக்கு வருகிறவர்கள்மேல் பிரயோகித்து வந்தார். மூத்தவளைப் பெண் கேட்டு முன்பு வந்த பையனுக்கு ஒளியின் வேகத்தை விளக்கத் தொடங்கினார். போன் பேசிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவன் திரும்பவேயில்லை.

இன்று வருகிற மாப்பிள்ளை எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டி அசத்திவிட வேண்டும் என்று மேலாளருக்கு ஒரே துடிப்பு. திசைதான் மானத்தை வாங்கியது.

மின்புலத்தின் அம்பைத் திருப்பிப் போட்டார். விசை சரியானது, கேள்வி தப்பாகிவிட்டது. நோட்டைத் தலைகீழாகப் பிடித்தார். விடையும் சேர்ந்து கவிழ்ந்தது. கடைசியில், வெட்கத்தை விட்டு, பழைய வகுப்புத் தோழனுக்குப் போன் போட்டார்.

"மைனஸ் இருக்கா பாருடா. மைனஸ்னா விசை எதிர்ப்பக்கம் போகும்."

"எனக்கே பாடமா? மைனஸும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அப்படியானால் பக்கத்துக்கு ஒரு விசையைப் போட்டுவிடு என்றான் தோழன். போட்டுக் கூட்டினார். சுழி வந்தது. இருந்த விசையும் போயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் வந்து, கூடத்தில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. மனைவி கதவருகில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நிதானமாப் போடுங்க. இங்க ஒண்ணும் அவசரமில்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை. மேலாளர் மனம் குளிர்ந்துபோய் இன்னொரு தாளை எடுத்தார்.

வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தார். கூடத்தில் காலிக் கோப்பைகள் கிடந்தன. மூத்தவளுக்குச் சந்தோஷம் முகத்தில் கொள்ளவில்லை. கல்யாணத்துக்குத் தேதி குறித்தாயிற்று என்றாள் மனைவி. பெற்றவனை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அவருக்கு வலித்தது. ஆனால் அதைவிடக் கணக்கு வலித்தது.

"அதுக்குள்ள போயிட்டாரா? அவர்கிட்ட கேட்டிருந்தா இதைப் போட்டுக் கொடுத்திருப்பாரே."

இளையவள் நோட்டை வாங்கி, இரண்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு இழுத்தாள்.

"காலையில போன்ல இந்த மைனஸை அழிக்கச் சொன்னதே அவர்தான்பா. நாங்க வந்துட்டுக் கிளம்புற வரைக்கும் மாமா அதுலயே இருக்கட்டும்னார்."