ராசிக்கையும் ஒற்றைக்காசு ஏலமும்

ஒரே ஒரு காசுக்குத் தையல் மெஷின் கிடைக்கிறது. நம்புங்கள். எங்கள் தையல் கூடத்தில் நாற்பத்துமூன்று பேர் நம்பினார்கள். நாற்பத்துநான்காவதாக நம்பியவன், சட்டைகளுக்கு இஸ்திரி போடும் அடியேன். ஆகவே இந்தக் கதையில் வரும் முட்டாள்களைக் கேலி செய்ய எனக்கு முழு உரிமை உண்டு.

கூடத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடை. முதலாளிக்கு ராசிக்கை என்று பெயர். யார் வைத்த பெயர் என்கிறீர்களா? அவரே வைத்துக்கொண்டதுதான். சாப்பாட்டு மணி அடித்ததும் எங்கள் கூடமே அந்தக் கடைக்குள் போய் அடைந்துகொள்ளும். சோறு ஆறினால் ஆறட்டும்! இணையத்தில் 'ஒற்றைக்காசு' என்று ஓர் ஏலத் தளம் வந்திருந்தது. டிவி, பைக், தையல் மெஷின், எதுவானாலும் ஏலம் ஒரு காசில் தொடங்கும். கடைசியாகத் திரையைத் தட்டியவருக்குப் பொருள். எந்த நொடியில் தட்டுவது? அங்கேதான் ராசிக்கையின் ஞானம் தேவைப்பட்டது.

"மணி சரியா ஒண்ணு பதினேழுக்கு இடது கட்டைவிரலால தட்டணும். மூச்சை அடக்கிக்கணும். முக்கியமா, செருப்பை வெளியில கழட்டிடணும்" என்பார்.

செருப்புக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பைப் பார்ப்பவர்கள், உள்ளே ஏதோ பெரிய தரிசனம் என்றுதான் நினைப்பார்கள்.

புதிதாகச் சேருபவரின் போனை ராசிக்கை பயபக்தியோடு வாங்குவார். வங்கி அட்டையின் எண்ணை அவரே அடிப்பார். அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதிலும் அவரே டிக் போடுவார். "என் கை பட்டாத்தான் ராசி." சேருவதற்கு ஒரே ஒரு காசு. என்ன தாராளம் பாருங்கள்!

கூட்டத்தில் எப்போதும் முன்வரிசை காஜா அக்காவுக்கு. சட்டையில் பொத்தான் துளை தைக்கிற காஜா மெஷினில் உட்காருபவர். மூன்று வயது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறார். சொந்தமாக ஒரு தையல் மெஷின் வாங்கிவிட்டால் வீட்டிலிருந்தே தைக்கலாம், பிள்ளையும் கண்முன்னே இருக்கும். அதற்காக இரண்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. முக்கால் மெஷினுக்குச் சேர்ந்துவிட்டது. மீதிக் கால் பங்கை ராசி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே பைக் மேல் ஒரு கண்.

தினமும் தட்டினோம். தினமும் திரையில் வந்தது: "அடடா! ஒரே ஒரு நொடியில் தவறவிட்டீர்கள்!"

"பார்த்தியா, ஒரு நொடிதான்! நாளைக்கு உனக்குத்தான்மா" என்பார் ராசிக்கை.

முதல் மாதம் காஜா அக்காவின் கணக்கில் பணம் குறைந்தது. அடுத்த மாதமும் குறைந்தது. யாரென்றே தெரியாத ஒரு மூன்றெழுத்துப் பெயர் எடுத்திருந்தது. எனக்கும் குறைந்தது. மனைவிதான் எடுத்திருப்பாள் என்று வீட்டில் சண்டை போட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

காஜா அக்கா எங்கே ஓடியிருக்க வேண்டும்? வங்கிக்கு. எங்கே ஓடினார்? ராசிக்கையிடம்!

"அண்ணே, பணம் தானா குறையுதுண்ணே. பிள்ளைக்காக வெச்சிருந்தது."

ராசிக்கை கண்ணை மூடினார். "உன் கணக்குக்குக் கண்ணு பட்டிருக்கும்மா. அட்டையை இந்தச் சிவப்பு உறைக்குள்ள போட்டு வை. கசிவு நின்னுடும்."

உறைக்குத் தனி விலை. வங்கியிலிருந்து பணம் கசிகிறதாம், பிளாஸ்டிக் உறை போட்டால் நிற்குமாம்! அன்றைக்கே முப்பது உறை விற்றது. நான் இரண்டு வாங்கினேன்.

மூன்றாவது மாதமும் பணம் போனது, சிவப்பு உறையோடு. அன்று காஜா அக்காவுக்குக் கை ஓடவில்லை. பொத்தான் வர வேண்டிய பக்கத்தில் துளை போட்டுத் தள்ளிவிட்டார். அந்தச் சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து நின்றார் பூதக்கண்ணாடி.

தைத்த துணியைச் சோதிக்கிற அம்மா அவர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பார், அதுவே பட்டப்பெயராகிவிட்டது. காலருக்குள் தைக்கிற லேபிளில் 'வெந்நீரில் துவைக்காதீர்' என்று எறும்பு எழுத்தில் இருக்குமே, அதில் ஒரு புள்ளி தப்பினாலும் ஐந்நூறு சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். கூடத்தில் ஒருவருக்கும் அவரைப் பிடிக்காது.

"என்னம்மா, ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டா பொத்தானை எங்க தைக்கிறது?"

காஜா அக்கா உடைந்து அழுதுவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். "இப்படியே போனா மெஷின் வர்றதுக்குள்ள என் பொண்ணு வளர்ந்துடுவாக்கா. அவ பக்கத்து வீட்டம்மாவைத்தான் அம்மான்னு கூப்பிடறா."

பூதக்கண்ணாடி சட்டைகளைக் கீழே வைத்தார். "போனைக் கொடு."

சாப்பாட்டு மணி அடித்தது. காஜா அக்காவின் போனோடு அவர் ராசிக்கையின் கடைக்குள் நுழைந்தார், செருப்போடு! கூட்டம் பதறியது. மணி ஒன்று இருபத்தைந்து. மூச்சை அடக்கவில்லை. குனிந்து, மூக்கால் ஒரு தட்டுத் தட்டினார்.

"அடடா! ஒரே ஒரு நொடியில் தவறவிட்டீர்கள்!"

"என் மூக்கும் உங்க கட்டைவிரல் அளவுக்கு ராசியாத்தான் இருக்கு" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராசிக்கை சிரிக்கவில்லை.

"சரி அண்ணே, உங்க கையாலேயே ஒரு தடவை ஏலம் கேளுங்க. உங்க போன், உங்க அட்டை. மெஷின் வந்தா காஜாவுக்குக் கொடுத்துடலாம். சேர்ற ஒரு காசை நானே தரேன்." மேஜையில் காசை வைத்தார்.

"என் ராசி எனக்குப் பலிக்காதும்மா."

"பரவாயில்ல. அட்டையைக் கொடுங்க, நான் தட்டறேன்."

"அட்டை... வீட்டுல இருக்கு."

"சட்டைப் பையில தெரியுதேண்ணே!" என்று கத்தியது நான்தான். அதற்குச் சிவப்பு உறைகூட இல்லை.

பூதக்கண்ணாடி போனில் சேரும் பக்கத்தைத் திறந்து, கழுத்துக் கண்ணாடியை எடுத்தார். அந்தச் சின்னக் கட்டத்துக்குக் கீழே, வெள்ளையில் சாம்பல் நிறத்தில் இருந்ததை உரக்கப் படித்தார். "மூன்று நாளுக்குள் விலகாதவர் மாதச் சந்தா உறுப்பினராகச் சம்மதித்தவர் ஆவார். சந்தா அட்டையிலிருந்து தானாக எடுக்கப்படும். ஆள் சேர்த்துவிட்டவருக்குச் சந்தாவில் மூன்றில் ஒரு பங்கு." பிறகு காஜா அக்காவின் உறுப்பினர் பக்கத்தைத் திறந்தார். "உங்களைச் சேர்த்தவர்: ராசிக்கை செல்போன் கடை."

ஊரார் சட்டை சுருங்கிவிடக் கூடாதென்று எறும்பு எழுத்தைப் பத்துத் தடவை படிக்கிற கூட்டம் நாங்கள். எங்கள் பணத்துக்கு மேல் இருந்த எழுத்தை ஒருவரும் ஒரு தடவை படிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"எனக்கே தெரியாதும்மா..." என்று இழுத்தபடி ராசிக்கை பின்வாசல் வழியாக நழுவினார்.

விலகும் பொத்தானைத் தேடி ஆறு பக்கம் தாண்ட வேண்டியிருந்தது. சேர ஒரு தட்டு, விலக ஆறு பக்கம்! எல்லோரும் விலகினோம். அன்றே வங்கிக்குப் போய், பணம் எடுத்த அந்த மூன்றெழுத்துப் பெயருக்கு இனி பணம் தராதே என்று எழுதிக் கொடுத்தோம். வங்கிக்காரர் கடைசி மாதச் சந்தாவை மட்டும் திரும்ப வாங்கித் தந்தார். "முதல் ரெண்டு மாசம் நீங்க பார்த்துட்டும் சொல்லலையேம்மா" என்றார்.

காஜா அக்காவின் மெஷின் இன்னும் நாலு மாசம் தள்ளிப் போனது. அந்த நாலு மாசமும் பிள்ளை பக்கத்து வீட்டில்தான் வளர வேண்டும். அதை எந்த வங்கி திருப்பித் தரும்?

போன வாரம் ஒரு புது ஆள் வந்தான். அவன் தளத்தில் அரைக் காசுதானாம். எங்கள் ஆட்கள் பத்துப் பேர் எழுந்தேவிட்டார்கள்! காஜா அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மாசாமாசம் எவ்வளவு பிடிப்பீங்க? எப்படி விலகறது? ரெண்டையும் எழுதிக் கொடுங்க." அவன் போனவன்தான், திரும்பவில்லை.

அந்த இரண்டு கேள்விக்குக் காஜா அக்கா கொடுத்த விலை, மகளோடு இருந்திருக்க வேண்டிய நாலு மாசம். உங்களுக்கு இலவசமாகச் சொல்லிவிட்டேன். இலவசம் என்றதும் பல்லைக் காட்டிக்கொண்டு இதையும் நம்பிவிடாதீர்கள், ஐயா. போய் உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள்.