இரும்புப் பொடியும் எலியின் வயிறும்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கு உங்கள் மகள் நலம். நான் இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கல்யாணத்தன்றே கேட்டீர்கள், "இரும்பை டன் கணக்குல விக்கிறவன் நான். கண்ணுக்கே தெரியாத இரும்பை வச்சுக்கிட்டு என்ன மாப்பிள்ளே பண்ணப் போறீங்க?" என்று. அன்று சிரித்தேன். இப்போது அழுகை வருகிறது. அந்த நானோ துகளுக்கு நான் என்ன குறை வைத்தேன், சொல்லுங்கள்? ஸ்கேனில் தெரிய இரும்புக் கரு கொடுத்தேன், கேமராவில் ஒளிரச் சாயம் பூசினேன், புற்றுநோய்ச் செல்லை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ள ஒரு புரதமும் மாட்டிவிட்டேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டேன். இந்தத் தடவையும் படம் சரியாக வராவிட்டால் ஆய்வையே இழுத்து மூடிவிடுவேன் என்று எங்கள் ஆய்வக இயக்குநர் சொல்லிவிட்டார். சரி, சோதனை எலிகளாவது தெம்பாக இருக்கட்டும் என்று பாவம் பார்த்து நானே பச்சை இலைத் தீனி வாங்கிப் போட்டேன், அதுகளும் வஞ்சனையில்லாமல் தின்றன, ஊசி போட்டேன், கேமராப் பெட்டிக்குள் படுக்க வைத்தேன், எல்லாரும் கூடி நின்று பார்த்தால், ஐயோ மாமா, புற்றுநோய்க் கட்டி இருப்பது எலியின் தோளில், வெளிச்சமோ வயிற்றில்! ஜெகஜ்ஜோதியாக எரிகிறது.

"தோளுக்குப் போகச் சொன்னா தொப்பைக்குப் போகுதேய்யா!" என்றார் இயக்குநர். வீட்டில் புலம்பினால் உங்கள் மகள், "பொடியும் உங்களை மாதிரிதான். வேலைக்கு அனுப்பினா நேரா சாப்பாட்டுக்குப் போகுது" என்கிறாள். மானம் போன பிறகு என்ன மிச்சம்? இன்று காலை ராஜினாமா எழுதி இயக்குநர் மேசையில் வைத்துவிட்டேன். உங்கள் இரும்புக்கடைக் கல்லாவில் எனக்கென்று சொன்ன நாற்காலி இன்னும் காலியாக இருந்தால், தயவுசெய்து வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அத்தைக்கு என் வணக்கம். மச்சானிடம் மட்டும் சொல்ல வேண்டாம், சிரித்தே செத்துவிடுவான்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் என் சாமான்களை எடுக்க ஆய்வகம் போனேன். மனசு கேட்காமல், ஊசியே போடாத ஒரு எலியைக் கேமராவில் வைத்தேன். அதன் வயிறும் ஜெகஜ்ஜோதி! எரிந்தது என் துகள் அல்ல, நான் பாவம் பார்த்துப் போட்ட இலைத் தீனி. இலையின் பச்சையமும் அந்தக் கேமராவில் சாயம் போலவே ஒளிரும், அதை மறந்துதொலைத்தேன். ஊசி போட்ட எலியின் வயிற்றைக் கறுப்புத் தாளால் மூடிப் பார்த்தேன். தோளில், கட்டி இருக்கும் இடத்தில் மட்டும், பொட்டு வைத்தாற்போல் வெளிச்சம். ஜெயித்துவிட்டேன் மாமா! படத்தை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் ஓடினேன். ஒரு டப்பா ஊசிக்குக் கையெழுத்துப் போட மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர், என் ராஜினாமாவுக்குக் காலையிலேயே போட்டு மேலிடத்துக்கும் அனுப்பிவிட்டாராம். படத்தை ரொம்ப நேரம் பார்த்தவர், "அடடா, இதைச் செஞ்ச ஆளு இன்னும் இங்க இருந்திருக்கலாமேய்யா" என்றார்.

கடையை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?