திட்டு சார்

எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் எந்தக் கடையாவது ஷட்டரைப் பாதி இறக்கட்டும், அந்தக் கரகரப்பில் யாரையாவது திட்ட வேண்டும்போல் எனக்கு நாக்கு துறுதுறுக்கும். பழக்கிவிட்டவர் திட்டு சார். வங்கக் கடலுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் அவரைப்போல் ரசித்துத் திட்டு வாங்கிய மனிதர் பிறக்கவில்லை.

எங்கள் வங்கிக் கிளையின் தலைமை எழுத்தர் அவர். மாலையில் கூட்டம் வடிந்ததும் ஷட்டர் பாதி இறங்கும். பழைய மேனேஜர் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நாகரிகமாக டீ குடிக்கப் போய்விடுவார். சார் அதை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்காருவார்.

"வாங்க, இன்னிக்கு யாருக்கு வயிறு எரியுது?"

மேனேஜரிடம் சொல்ல முடியாததை எல்லாம் அந்தக் கோட்டிடம் சொல்லலாம். 'சார்' போடக் கூடாது என்பது மட்டும் விதி.

எங்கள் காசாளர் மண்டல் தாதா, அதாவது மண்டல் அண்ணன், தன் வங்காளத்தில் கொட்டித் தீர்ப்பார், மரைன் ஹில் சரிவில் மழைத்தண்ணீர் இறங்குவதுபோல. சாருக்கு ஒரு சொல்லும் புரியாது. "க்யா பாத் ஹை தாதா! ஏக் பார் அவுர்!" என்று இந்தியில் பாராட்டி, இன்னொரு தடவை கேட்பார்.

நான் புதுசு. "நீங்க... கொஞ்சம் மோசங்க" என்றேன்.

"இது திட்டா, தாலாட்டா? வயித்துலேர்ந்து வரட்டும் தாயீ!"

வந்தது. அன்றிலிருந்து ஷாதிபூர் பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்தபடி வீடு போனேன்.

அப்புறம் மெயின்லேண்டிலிருந்து புது மேனேஜர் வந்தார். "பல்வலின்னு லீவு கேட்டா பல்லைக் காட்டச் சொல்றியே, நீ மேனேஜரா, மாட்டு வைத்தியரா?" என்று நான் சாரை விளாசிக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"இது பேங்க்கா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா? இன்னொரு திட்டு காதுல விழுந்தா, இவர் அடுத்த கப்பல்ல நிக்கோபார்!"

சாருக்குக் கப்பல் துறையில் நின்றாலே குமட்டும். ஸ்டூல் மூலைக்குப் போனது.

அதற்குப் பதிலாக, மேனேஜர் உத்தரவுப்படி, தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நின்று கைதட்டி, "நான் மகிழ்ச்சி! நீ மகிழ்ச்சி!" என்று கத்த வேண்டும். கத்தினோம். மகிழ்ச்சி பொங்கி மண்டல் தாதா பிரின்டரை உதைத்தார். வாட்ச்மேன் வாடிக்கையாளர்களைப் பார்த்து உறுமினார். நான் வீட்டு மீன்குழம்போடு சண்டை போட்டேன்.

ஒரு மாலை மேனேஜர் அறையிலிருந்து "யெஸ் சார், சாரி சார்" என்றே கேட்டுக்கொண்டிருந்தது. மேலிடம் போனில் வறுத்தெடுத்துவிட்டது. வெளியே வந்தவர் தன் கையாலேயே ஷட்டரைப் பாதி இறக்கினார். கோட்டைக் கழற்றி சாரிடம் நீட்டினார்.

"போட்டுக்கங்க. எனக்கு மேலிடத்தைக் கொஞ்சம் திட்டணும்."

"அப்ப நிக்கோபார்..." சார் ஓரடி பின்வாங்கினார்.

"யோவ், உட்காருய்யா!"

அன்றுதான் அந்தக் கிளையில் யாரும் சொல்லாமல் கைதட்டினோம்.

ஸ்டூல் மறுபடி நடுவே வந்தது. பதவி உயர்வும் வந்தது, சாருக்கே. ஊட்டியில் மேனேஜர்! விமான நிலைய வாசலில் வழியனுப்ப நின்றோம்.

"என்னப்பா, கடைசியா ஒண்ணு திட்டுங்களேன்" என்றார். மண்டல் தாதா வானத்தைப் பார்த்தார். மேனேஜர் மூக்கைச் சிந்தினார். சாரின் அரைக்கைச் சட்டையைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அறிவிருக்காய்யா உனக்கு? ஊட்டிக்குப் போறவன் ஒரு ஸ்வெட்டர் இல்லாமயா கிளம்புவே? காய்ச்சல் கீய்ச்சல்னு போன் வந்துச்சு, அங்கேயே வந்து தொலைச்சுப்புடுவேன்!"

"சரி தாயீ. இறங்கினதும் வாங்கிடறேன்."